ஐஸ் பெட்டிக்கு மேலே

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் அடுத்தவர் பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது, அவ்வளவு நெருக்கம். முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவளுடைய தம்பியும் இருந்தார்கள். சாய்ந்தமருது தாண்டியதும் அவள் கேட்டாள்:

"டவர்ல இருந்து வாற அலை எங்க போய் முடியும்?"

"அது முடியாது ராத்தா. மெலிஞ்சு மெலிஞ்சு போய்க்கிட்டே இருக்கும்."

"முடியாட்டி ஏன் நடுக்கடல்ல போன் வேல செய்யிறல்ல?"

"அது நேராத்தான் போகும். பூமி உருண்டதானே? தூரத்துல கடல் கீழ இறங்கிரும், அலை நம்மட தலைக்கு மேலால போயிரும். அதுக்குத்தான் போட்ல ஆக்கள் ஐஸ் பெட்டிக்கு மேல ஏறி நிண்டு கதைக்கிற."

கொஞ்சம் தயங்கிவிட்டு அவனே தொடர்ந்தான்.

"மச்சான் மவுத்தான அண்டும் அதுலதான் நிண்டாராம். போட் ஆடினதுல கடல்ல விழுந்து மூழ்கிட்டார் எண்டு கூடப் போனவங்க சொன்னாங்க."

அவள் மடியிலிருந்த போனைத் திருப்பி வைத்தாள்.

"அண்டைக்கு அவர்ட குரல் விட்டு விட்டு வந்திச்சி. கேக்குதில்ல, கொஞ்சம் மேல ஏறுங்க எண்டு நான்தான் சொன்னன்."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அதுக்குப் பொறகு நல்லாத் தெளிவாக் கேட்டிச்சிடா" என்றாள்.