விடுபட்ட நாற்பத்தொரு பேர்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் நிறுவன இயக்குநர் அவர்களே, அவர் தலையாட்டும்போதெல்லாம் கூடவே தலையாட்டும் மேலாளர்களே, மனம் கனத்து வந்திருக்கும் நண்பர்களே, முதல் வரிசையில் இருக்கும் மறைந்தவரின் மகளே, வணக்கம்.

தலைமை நிரலாளராக இருந்த சங்கிலி அண்ணன் போய் ஒன்பது நாள் ஆகிறது. "ஒரே ஒரு கவனக்குறைவைத் தவிர, குறை சொல்ல முடியாத மனிதர்" என்று இயக்குநர் சற்றுமுன் புகழ்ந்தார். அந்தக் கவனக்குறைவைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

நம் நிறுவனம் மென்பொருள் செய்துகொடுக்கும் மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக் காத்திருப்போர் பட்டியலுக்கான நிரலை எழுதியவர் அண்ணன். அது ஒருவழிச் சங்கிலி. வரிசையில் ஒவ்வொருவருக்கும் தன் பின்னால் நிற்பவரை மட்டும்தான் தெரியும். இடையில் ஒருவரைச் சேர்ப்பதென்றால் முதலில் புதியவருக்குப் பின்னால் யார் என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் முன்னால் நிற்பவரைப் புதியவரோடு இணைக்க வேண்டும். இந்த இரண்டு வரியும் இடம் மாறினால், பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காணாமல் போவார்கள். இத்தனை வருடத்தில் அண்ணனுக்கு ஒருமுறையாவது அது மாறியதா?

போன வருடம் ஒரு மத்தியானம் இயக்குநர் எங்கள் அறைக்கு வந்தார். தெரிந்தவர் ஒருவரை நாலாவது இடத்தில் சேர்க்க வேண்டுமாம். அண்ணன் மறுத்தார்.

"தள்ளு, நானே போட்டுக்கறேன்" என்று இயக்குநர் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், ரெண்டு வரியும் இடம் மாறுது. முதல்ல பின்னாடி இருக்கறவங்களப் பிடிங்க."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

நாற்பத்தொரு பேர் விடுபட்டார்கள். இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல், பழைய அனுமதிச் சீட்டுகளைப் புரட்டி, ஒவ்வொருவரையும் போனில் தேடிப் பிடித்துத் திரும்ப வரிசையில் சேர்த்தார் அண்ணன். மூன்றாம் நாள், இயக்குநர் சார், கவனக்குறைவு என்று எழுதி நீங்கள் அவரை வேலையை விட்டு அனுப்பினீர்கள். அந்தக் கடிதத்தில் சாட்சிக் கையெழுத்து யாருடையது? என்னுடையது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நான். வேலை போய்விடும் என்று பயந்து போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

முதல் வரிசையில் இருக்கும் அம்மா, அதே மருத்துவமனையில் நீ நர்ஸ். உன் வார்டில் நோயாளிகள் திட்டியது உன் அப்பாவைத்தான். எட்டு மாதம் நீ அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். உன்மேல் தப்பில்லை. உண்மையைச் சொல்ல வேண்டியவன் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் தப்பு செய்யவில்லை அம்மா. கடைசிவரை உன்னிடம் அதை ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியவில்லை.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னார்கள். நான் தொடங்கியே விட்டேன். அந்த நாற்பத்தொரு பேரையும் நேற்றிலிருந்து போனில் கூப்பிட்டு, உங்களை வரிசையிலிருந்து விடுபட வைத்தது யார், தேடிப் பிடித்தது யார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மிச்சமிருப்பவர்களுக்கும் சொல்லாமல் ஓயமாட்டேன்.

அவர்களில் பதினான்கு பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், சார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று உங்களிடம்தான் கேட்க வேண்டுமாம். மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.