கால்மாட்டில் எலுமிச்சம்பழம்

கிளட்ச் பெடல் சிக்குகிறது என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால் நான் எடுத்த எடுப்பில் பானட்டைத் திறக்க மாட்டேன், மேடம். கதவைத் திறந்து, கீழே குத்தவைத்து உட்கார்ந்து, முதலில் பெடல் இருக்கிற இடத்தைக் கண்ணால் பார்ப்பேன். பாதி வண்டிகளில் கோளாறு அங்கேயே கிடக்கும். தண்ணீர் பாட்டில், பிள்ளைகளின் பந்து, சுருண்டுபோன மிதியடி விரிப்பு, இப்படி ஏதாவது. சமயநல்லூரில் பட்டறை போட்ட நாளிலிருந்து இந்தத் தங்கப்பாண்டியின் வழக்கம் இதுதான். அன்றைக்கும் அதையேதான் செய்தேன்.

வந்தவர்கள் வேற்றாள் இல்லை. என் தங்கை முனீஸ்வரி, மாப்பிள்ளை ராம்கி, அவர்கள் மகள் அஸ்வினி. பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம் என்று சொல்ல வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். நீங்களும் இந்த ஊர்ப் பக்கம்தான், உங்களுக்கே தெரியும். மாமனைக் கேட்டுவிட்டுத்தான் நாளே குறிக்க வேண்டும். இவர்கள் நாள் குறித்து, மண்டபம் பிடித்து, சமையலுக்கு ஆள் சொல்லிவிட்டு வந்து நின்றார்கள். சரி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று நானும் விட்டுவிட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

டீயைக் குடித்துக்கொண்டே மாப்பிள்ளை சொன்னார். "மச்சான், கோவிச்சுக்கிராதீக. வெள்ளத்தொர மச்சான் மடியில வச்சுக் குத்தலாம்னு இருக்கோம். அவுகளும் முறைக்கு மாமன்தானே. வீடியோவெல்லாம் எடுக்குறோம். உங்க கையப் பாருங்க, எம்புட்டுக் கழுவுனாலும் அந்தக் கருப்பு போகாது."

வெள்ளைத்துரை எங்கள் பெரியப்பா மகன். கப்பலூரில் கம்பெனி வைத்திருக்கிறார். நல்ல மனுஷன்தான், அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நானும் சிரித்துவைத்தேன். முனீஸ்வரி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் இந்தக் கறுப்புக் கைதான். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை, "வந்ததுதான் வந்தோம், அந்தக் கிளட்ச்சையும் ஒரு பார்வ பாத்துருங்க மச்சான். அமுக்குனா சில நேரம் பாதியில முட்டிக்கிட்டு நிக்குது, சில நேரம் நல்லாத்தேன் இருக்கு" என்றார். மடி ஆகாது, கை ஆகாது, கிளட்ச்சுக்கு மட்டும் நான் ஆவேன்.

பார்த்தேன். தொழில் வேறு, மனசு வேறு. கேபிள் நைந்திருந்தால் பெடல் எந்நேரமும் கனக்கும். எண்ணெய் குறைந்திருந்தால் தொளதொளவென்று உள்ளே போய்விடும். சில நேரம் முட்டுகிறது, சில நேரம் விடுகிறது என்றால் கீழே ஏதோ ஒன்று உருள்கிறது என்று அர்த்தம். கதவைத் திறந்து குனிந்தேன். பழைய மிதியடியை எடுக்காமல் அதன் மேலேயே புதிதாக ஒன்று போட்டிருந்தார். ஓரம் மடிந்து சின்ன வாய்க்கால் மாதிரி ஆகியிருந்தது. அதில் ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது.

புது வண்டிக்கு வண்டியூர்க் கோயிலில் பூஜை போட்டபோது கொடுத்த பழம். நானும் கூடப் போயிருந்தேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்திருந்தது எப்போதோ உருண்டு கீழே விழுந்திருக்கிறது. காய்ந்து கல்லாகிவிட்டது, குங்குமம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி ஆடும்போது அது கிளட்ச் பெடலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும், பள்ளத்தில் குலுங்கினால் விலகிவிடும். கோளாறு அம்புட்டுதான். எடுத்துவிட்டு அமுக்கிப் பார்த்தேன், பெடல் வெண்ணெய் மாதிரி போய் வந்தது.

என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வண்டிக்காரர் பொருள் எது கிடைத்தாலும், சில்லறையோ வளையலோ, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அதனால்தான் முதல் நாள் உங்களிடம், பழத்தை எடுத்த இடத்தில் வைத்தேன் என்றேன். நீங்கள் பழத்தை ஒரு பாலித்தீன் பையில் போட்டு என் முன்னால் வைத்தீர்கள். அதில் என் விரல் கிரீஸ் இருந்தது. நெற்றியிலும் புருவத்திலும் அதே கிரீஸோடு நான் நின்றதை டீக்கடை சுருளி உங்களிடம் சொல்லியிருக்கிறான். "சாமி பழம்னு கண்ணுல ஒத்திக்கிட்டவன், அத எப்படிய்யா மறுபடி கால்மாட்டுல வப்பான்? ஆத்துல விடுவான், இல்ல மேல எடுத்து வப்பான்" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பழத்தைப் பார்த்ததும் கை தானாகக் கண்ணுக்குப் போய்விட்டது, பழக்க தோஷம். அந்த ஓர் இடத்தில்தான் நான் தவறிவிட்டேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். எடுத்த இடத்தில் வைக்கவில்லை. நாலு விரற்கடை வலது பக்கம் தள்ளி வைத்தேன். கிளட்ச்சுக்கு வலது பக்கம் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மிதியடி மடிப்பைக் கொஞ்சம் இழுத்து, பழம் அங்கேயே நிற்கிற மாதிரி செய்தேன். பிரேக்கை அமுக்கிப் பார்த்தேன். மெதுவாகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. அவசரத்துக்கு ஓங்கி மிதித்தால்தான் முட்டும்.

வேலை முடிந்தால் நான்தான் வண்டியை ஓட்டிப் பார்ப்பது. அன்றைக்கு மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். சீட் கவர் புதுசு, என் உடம்பெல்லாம் கிரீஸ். மாப்பிள்ளைக்குக் கிரீஸ் ஆகாது என்று அப்போதுதானே சொல்லியிருந்தார்.

"மாப்ள, பாலம் ஏறி எறங்கி ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்க. நல்லா வெரட்டிப் பாத்தாத்தேன் கிளட்ச் தெரியும்" என்றேன். முனீஸ்வரியும் ஏறப் போனாள். "நீ எங்க போற, வெயில்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டு? உக்காரு. பாப்பாவுக்கு பன்னு வாங்கித் தாரேன்" என்று பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நான் ஈவு இரக்கம் இல்லாதவன் என்று பேசிக்கொள்கிறார்களாம். இரக்கம் இல்லாதவன் தங்கையையும் பிள்ளையையும் இறக்கிவைப்பானா?

பாலத்து இறக்கத்தில் அந்த நேரத்துக்குக் கரும்பு டிராக்டர்கள் திரும்பிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். டிராக்டரை நான் கொண்டுவந்து நிறுத்தவில்லை. வேகமாகப் போகச் சொன்னேன், மிதிக்கச் சொல்லவில்லை.

அஸ்வினி என் மடியில் உட்கார்ந்து பன் தின்றாள். அதுவரை என் சட்டை அழுக்கு என்று மாப்பிள்ளை அவளை என்னிடம் தந்ததே இல்லை. முகத்தைத் திருப்பாமல், அழாமல், அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்திருந்தாள். காதுமடலை இரண்டு விரலால் பிடித்து, எந்த இடத்தில் குத்தினால் எடுப்பாக இருக்கும் என்று பார்த்தேன். காதில் கொஞ்சம் கிரீஸ் பட்டுவிட்டது, துண்டால் துடைத்துவிட்டேன். அப்போதுதான் சுருளி ஓடிவந்தான். "அண்ணே, ஒங்க மாப்ள வண்டி பாலத்துக்கிட்ட... சீக்கிரம் வாங்கண்ணே." முனீஸ்வரி ஓடினாள். நான் ஓடவில்லை, மடியில் பிள்ளை இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை இறந்துவிட்டார். வருத்தமாக இல்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. ஒரு முறையை மாற்றுகிறவன் என்ன ஆவான் என்று யாராவது ஒருவர் காட்டத்தானே வேண்டும். இன்றைக்கு மடியை மாற்றுவார்கள், நாளைக்குக் கல்யாணத்தில் மாமன் மாலையை மாற்றுவார்கள். கோர்ட்டிலும் இதையே சொல்வேன். வக்கீல் வேண்டாம்.

முனீஸ்வரி நேற்று ஸ்டேஷன் வாசல் வரை வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் திரும்பிவிட்டாள் என்று ஏட்டையா சொன்னார். கோபம் இருக்கும், ஆறிவிடும். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வெள்ளைத்துரையும் தம்மால் இனி முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஆக, மடி எனக்குத்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வருஷம் திரும்பியதும் அஸ்வினிக்குக் காது குத்துவார்கள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்னை அனுப்பிவையுங்கள். போலீஸ் கூட வரட்டும், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அப்பன் இல்லாத பிள்ளை, மேடம். தாய்மாமனும் வரவில்லை என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் உட்காருவேன்.