பூஜ்யத்தில் நின்ற முள்

மெழுகுவர்த்தி வேண்டாம். கரண்ட் வரும்போது வரட்டும். நெருங்கி உட்காருங்கள்.

இது நம் சுருட்டையின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவன்தான் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று இருக்கிறானே... அவன் அக்காவே என்னிடம் சொன்னது.

அவர் எலக்ட்ரிக்கல் காண்டிராக்டர். பட்டப்பகல், இரண்டு மணி. ஈ காக்கை இல்லாத ரோடு. அதன் கோடியில் பூட்டிக் கிடந்த மர அறுவை மில்லின் டிரான்ஸ்பார்மரைச் சோதிக்கத் தனியாகப் போனார்.

அங்கே முதல் டிரான்ஸ்பார்மரை வைத்ததும் அவர்தான். மோட்டார்கள் மொத்தம் தொண்ணூறு கிலோவாட். நூறு கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் தாராளம் என்று கணக்குப் போட்டார். பவர் ஃபேக்டரை மறந்தே போனார். மோட்டார் இழுக்கிற கரண்டில் ஒரு பங்கு வேலையே செய்யாது, சும்மா போய்த் திரும்பும். அதையும் சுமந்து சூடாவது டிரான்ஸ்பார்மர்தானே? அதனால்தான் அதன் திறனை வாட்டில் சொல்வதில்லை, கே.வி.ஏ.யில் சொல்கிறார்கள்.

மில் ஆபரேட்டர் தினமும் டிரான்ஸ்பார்மரின் எண்ணெய் டாங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "சூடு ஏறுதுண்ணே."

"கணக்கெல்லாம் சரியா இருக்கு. நீ பாட்டுக்கு ஓட்டு."

ஒருநாள் கை வைத்திருக்கும்போதே வெடித்தது. பாவம், கையை எடுக்கக்கூட நேரமில்லை, அங்கேயே போய்விட்டார்.

அன்று அவர் போனபோது இருந்தது அதற்கப்புறம் வைத்த புதிது, இருநூறு கே.வி.ஏ. மில்லில் ஒரு பல்புகூட எரியவில்லை. ஆனால்... ங்ங்ங்... முழு பாரத்தில் ஓடுகிற இரைச்சல். கருகிய எண்ணெய் வாடை. வாட் மீட்டரின் முள் பூஜ்யத்தில். ஆம்பியர் முள் கடைசிக் கோட்டில். வேலை எதுவும் நடக்கவில்லை. ஏதோ ஒன்று மட்டும் போய்ப் போய்த் திரும்புகிறது.

அவர் டிரான்ஸ்பார்மருக்குக் கரண்ட் வரும் மேல் லைனையே துண்டித்தார்.

இரைச்சல் நிற்கவில்லை.

தன்னையறியாமல் டாங்கில் கையை வைத்தார்... பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. தொட்டவுடன் இரைச்சல் நின்றது.

வீட்டுக்கு வந்து, நடந்ததை அக்காவிடம் சொல்லிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தெர்மாமீட்டரில் காய்ச்சலே இல்லை. டாக்டரும் ஒன்றுமில்லை என்றார். தொட்டால் மட்டும் கொதித்தது. நெஞ்சில் காதை வைத்தால்... ங்ங்ங்.

அக்கா அழுதுகொண்டே தம்பிக்குப் போன் போட்டாள். "மீட்டர் பொய் சொல்லுதுடா. நீ வந்து தொட்டுப் பாரு."

நம் சுருட்டை ஓடினான். நெற்றியில் உள்ளங்கையை வைத்தான். அவர் கண்ணைத் திறந்தார். தன்னைவிடப் பத்து வயது சின்ன மச்சானைப் பார்த்து, "சூடு ஏறுதுண்ணே" என்றார்.

அப்படியே குளிர்ந்துபோனார். நமக்கெல்லாம் மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள்.

டேய் சுருட்டை, அந்தக் கையைக் கொஞ்சம் விரி... வேண்டாம், வேண்டாம். யாரும் அவனைத் தொடாதீர்கள்.

கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. இந்த அறையில் எதுவும் ஓடவில்லை.

அப்படியென்றால் இந்தச் சத்தம்...