காவலுக்கு நின்றவர்கள்

வலியசாலையில் யாருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தாலும் அது டாக்டரிடம் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று மலையாளத்தில் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பதற்கு மதிப்பில்லை என்று அர்த்தம். எங்கள் தெருவில் அது நேர்மாறு. நான் கண்ணாடித் துண்டில் ஒட்டிய சதையைப் பார்க்கிற டாக்டர், உயிருள்ள மனிதனின் நாடியைப் பிடித்தே பல வருடமாகிறது என்று எத்தனை தரம் சொன்னாலும் எடுபடாது. சர்க்கரை கூடியவர்களும் கொழுப்பு கூடியவர்களும் நான் காபி குடித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்று, "குமார் டாக்டர் ஒண்ணு பாத்தா மதி, அது போதும்" என்பார்கள். நான் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்பேன். பெரும்பாலும் இருக்கவும் இருக்காது.

விசாரணைக் குழுவாக உட்கார்ந்திருக்கிற நீங்கள் மூவரும் என் பெயரைக் கேட்கவில்லை. பழகியவர்கள் என்பதால் விட்டிருப்பீர்கள். விசாரணை என்றால் முறை உண்டல்லவா, நானே சொல்லிவிடுகிறேன். பத்மகுமார். இந்த ஆஸ்பத்திரியின் பதாலஜி பிரிவுக்குத் தலைவர், போன மாதம் வரை.

இறந்துபோன தாணுலிங்கம் என் அக்கா சரஸ்வதியின் கணவர். சாலைக் கடைவீதியில் வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்த்தவர். எங்கள் அப்பா போனபின் என்னையும் சேர்த்து வளர்த்தவர் அவர். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அவர்கள் வீட்டு மாடியில்தான் இருந்தேன், அக்கா கையால்தான் சாப்பிட்டேன். அத்தான் மேல் எனக்கு இருந்த பிரியத்தை நீங்கள் சந்தேகப்படலாம். நான் சந்தேகப்பட்டதில்லை.

அவருக்கு மூத்திரம் போவதில் சிரமம் வந்தது. இங்கே மூத்திரக் கோளாறுகளுக்கு ஆபரேஷன் செய்கிற நம் சுஜித்திடம் கூட்டிக்கொண்டு வந்தேன். சுஜித் ப்ராஸ்டேட்டில் ஊசி விட்டுச் சதைத் துணுக்குகள் எடுத்து அனுப்பினான். அவை என் மேஜைக்கு வந்தன. புற்றுநோய். வேகம் குறைந்த வகை ஒன்று உண்டு, அதை உடனே தொடாமல் காத்திருந்து பார்ப்பது முறையான வழிதான். அத்தானுடையது அந்த வகை இல்லை. ஆனால் ப்ராஸ்டேட்டின் உறையைத் தாண்டி வெளியே போகவில்லை. அறுத்து எடுத்தால் அநேகமாகத் தீர்ந்துபோகும்.

அந்த ஸ்லைடில் இன்னொன்றும் இருந்தது. புற்றைச் சுற்றி நீலப் பொட்டுகளாக நோயெதிர்ப்பு அணுக்கள். அத்தனை கூட்டம் நான் அதுவரை பார்த்ததில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேறு சில புற்றுகளில் இந்த அணுக்கள் உள்ளே நிறைய இருந்தால் நோயாளிக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லலாம். ப்ராஸ்டேட்டில் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒருவர் நல்லது என்று எழுதுவார், அடுத்தவர் கெடுதல் என்று எழுதுவார். நானும் பல வருடம் பழைய ஸ்லைடுகளை எடுத்துவைத்து, அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தேன். கூட்டம் அதிகமாக இருந்தவர்களில் பிழைத்தவர்களும் உண்டு, போனவர்களும் உண்டு. ஏன் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. நாம் பார்ப்பதெல்லாம் அறுத்து எடுத்த ப்ராஸ்டேட். விட்டிருந்தால் அந்த அணுக்கள் ஜெயித்திருக்குமா தோற்றிருக்குமா என்று எப்படித் தெரியும்? விட்டுப் பார்த்த ஒருவர் வேண்டும். அவ்வப்போது ஒரு துணுக்கு எடுக்க இடம் கொடுக்கிறவராக இருக்க வேண்டும். ஏன் என்று கேட்காதவராகவும் இருந்தால் நல்லது.

அத்தான் டாக்டர் அறைக்குள் வரமாட்டார். மருந்து வாசனை அவருக்கு ஆகாது. வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ப் பேசிட்டு வாடே, உனக்குத்தானே அவங்க பாஷை தெரியும்" என்பார். நம் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. படித்த மச்சினன் இருக்கிற வீட்டில் நோயாளி வெளியேதான் இருப்பார்.

உள்ளே போய் சுஜித்திடம் சொன்னேன், அத்தான் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் என்று. வெளியே வந்து அத்தானிடம் சொன்னேன், ஆபரேஷன் தேவையில்லை என்று சுஜித் சொல்கிறான் என்று. இரண்டு வாக்கியம். நடுவில் ஒரு கதவுதான் இருந்தது.

வீட்டில் அக்கா, "அவியளுக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்று கேட்டாள். சின்ன வளர்ச்சி, உடம்பே அதைச் சுற்றிக் காவலுக்கு ஆள் நிறுத்தியிருக்கிறது, கத்தி வைத்தால் காவல் கலைந்துபோகும் என்றேன். அத்தானுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. காலையில் பத்திரிகை படிக்க உட்காரும்போது, "காவக்காரன்மாரு டூட்டிக்கு வந்தாச்சாடே?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். நானும் சிரிப்பேன். அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவிருந்ததில்லை.

அடுத்த வருடம் துணுக்கு எடுத்தோம். அதற்கடுத்த வருடமும் எடுத்தோம். அந்த நாட்களிலும் அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பார், பேச்செல்லாம் என்னோடுதான். சுஜித் ஒவ்வொரு தடவையும் கெஞ்சினான். "சார் ஒன்று எடுத்துச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்" என்றான். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். அவனைக் குறை சொல்லாதீர்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

ஸ்லைடுகள் அழகாக இருந்தன. இந்த வார்த்தைக்கு மன்னியுங்கள், எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். அணுக்களின் கூட்டம் குறையவில்லை, கூடியது. புற்றும் கூடியது, உருவமும் மோசமாகிக்கொண்டே வந்தது. தனித்தனிச் சாயம் போட்டுப் பார்த்தபிறகு எனக்குக் காரணம் புரிந்தது. கூட்டத்தில் அடிக்க வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களைப் பிடித்து உட்காரவைக்கிறவர்கள் சிலர். மீதிப் பேர் தெருச்சண்டையில் கைகட்டி நிற்பவர்கள் மாதிரி. வேடிக்கை பார்க்க வந்தவனும் தூரத்திலிருந்து பார்த்தால் காவல் நிற்பவன் போலத்தான் இருப்பான்.

அது தெரிந்த அன்றைக்காவது நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அதற்குமுன் இரண்டு வருடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னும் ஒரு துணுக்கு பார்த்தால் முழுதாகத் தெரிந்துவிடும் என்றும் தோன்றியது. அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அக்கா உளுந்தஞ்சோறு பொங்கியிருந்தாள். அத்தான், "எப்படிடே இருக்கு?" என்றார். அப்படியேதான் இருக்கு அத்தான் என்றேன். சாப்பிட்டோம்.

அவர்கள் மகள் ஸ்ரீப்ரியா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் லீவில் வந்தபோது எல்லாருமாகப் பொன்முடி மலைக்குப் புறப்பட்டோம். வழியில் வித்துராவில் பழம்பொரி வாங்கிக்கொண்டு கல்லாற்றில் இறங்கினோம். அத்தான் பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வயசாயிட்டுல்லாடே" என்று சிரித்தார். எலும்புக்குப் போய்விட்டது என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. கை கொடுத்துத் தூக்கினேன். தூக்கும்போது நான் நினைத்தது இதுதான்: எலும்பிலிருந்து ஒரு துணுக்கு எடுக்க சுஜித் சம்மதிப்பானா, அந்த அணுக்கள் அங்கேயும் கூடவே போயிருக்குமா. இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். உண்மையைக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

அதற்குப்பிறகு ஊசிகள் போட்டோம், மருந்துகள் கொடுத்தோம். கொஞ்ச காலம் தாங்கியது. ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் அவர் முன்னறைக் கட்டிலில் படுத்துவிட்டார். வலியில் முனகினாலும் அக்காவுக்குக் கேட்கக் கூடாது என்று போர்வையைக் கடித்துக்கொள்வார். ஒருநாள் நான் அருகில் உட்கார்ந்திருந்தபோது, "காவக்காரன்மாரெல்லாம் உறங்கியாச்சோ, குமாரு?" என்று கேட்டார். இல்லை அத்தான், நிற்கிறார்கள் என்றேன். தலையை அசைத்தார். நான் மாடிக்குப் போய் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

அவர் போனபின் சுஜித் துக்கம் கேட்க வந்தான். அப்பா தொடக்கத்திலேயே ஆபரேஷனுக்குச் சம்மதித்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பார் என்று ஸ்ரீப்ரியாவிடம் மலையாளத்தில் வருத்தப்பட்டான். அவள் நேரே என்னிடம் வந்தாள். கத்தவில்லை.

"மாமா, அப்பா எப்போ வேண்டாம்னு சொன்னாரு?"

"அவரு சொல்லலம்மா" என்றேன். அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டேன். இதை என் கணக்கில் கொஞ்சம் வரவு வைப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "நீ இருக்கேல்லான்னு நான் சாமிக்கு ஒரு நேர்ச்சகூட நேரலையேடா குமாரு." அதன்பின் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்வரை சோறு மட்டும் மாடிப்படியில் வந்துகொண்டிருந்தது. அதைச் சாப்பிடத்தான் கஷ்டமாக இருந்தது.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். தாணுலிங்கம் சிகிச்சையை மறுக்கவில்லை. அவர் பெயரால் நான் மறுத்தேன். அவரை நோய் கொன்றது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஏமாற்றியதாக எழுதாதீர்கள். அந்த அணுக்கள் அவரைக் காப்பாற்றும் என்று தொடக்கத்தில் நான் மனதார நம்பினேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். அத்தானுக்கு முதல் துணுக்கு எடுத்து அதிக நாள் ஆகவில்லை, எனக்கும் ரத்தத்தில் ப்ராஸ்டேட் கோளாறைக் காட்டுகிற அளவு ஏறியது. கொச்சியில் யாருக்கும் என்னைத் தெரியாத ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருடைய அதே வகை, அதே கட்டம். வீட்டில் ஹெர்னியா என்று சொல்லிவைத்தேன். அத்தான்தான் துணைக்கு வந்தார். எனக்குக் கஞ்சி ஊட்டினார். மூத்திரப் பையை அவரே எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தார். ஹெர்னியாவுக்கு இதெல்லாமா என்று ஒரு தரம் கேட்டார், கேட்டதோடு சரி. பிறகு வழக்கம்போலக் கேலி. "எனக்குன்னா காவல் நிக்குது, கத்தி வைக்காண்டாம்னே. உனக்குன்னா நேரே கத்தியா? ஊருக்குத்தான் உபதேசமாடே?" நான் சிரித்தேன், தையல் வலித்தது.

என் ஸ்லைடிலும் அந்த அணுக்கள் கூட்டமாக நின்றனவா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, எவ்வளவு சீக்கிரம் அறுத்து எடுப்பீர்கள் என்றுதான் கேட்டேன்.