ஆயில் வெளுத்த வண்டி

பகல் பன்னிரண்டரை மணி. பெரியபாளையத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் மண் சாலை... ஈ காக்கா கிடையாது. பேய்க்கெல்லாம் நைட் ஷிப்டுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். நம்ம துளசிராமனுக்கு மாமா முறை, இம்மானுவேல் என்று ஒரு மெக்கானிக். இது அவருக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. அந்தக் கொசுவர்த்தியை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு.

ஆற்றோரம் ஒரு ரிசார்ட். சனி ஞாயிறில் சென்னைக்காரர்கள் வந்து சேற்றில் ஓட்டி விளையாட ஏடிவி வைத்திருந்தார்கள். நாலு தடித்த சக்கரம், பைக் மாதிரி ஹேண்டில்... அதுதான் ஏடிவி. அதற்கு மெக்கானிக் இம்மானுவேல். வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டுகிறவன் அன்பு. அன்பு வேறு யாருமில்லை, இம்மானுவேலின் மனைவி கிரேஸின் தம்பி. தாயில்லாப் பையன் என்று கிரேஸ்தான் தூக்கி வளர்த்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை.

புயல் வந்த வாரம் ஆரணி ஆறு தரைப்பாலத்துக்கு மேலே ஓடியது. அக்கரைக் குடிசைகளில் சனங்கள் மாட்டிக்கொண்டார்கள். அன்பு யாரையும் கேட்கவில்லை, ஏடிவியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டான். முதல் நடையில் சின்னப்பொண்ணு என்கிற பிள்ளைத்தாச்சிப் பெண்ணைக் கொண்டுவந்து கரை சேர்த்தான். வண்டி சீட்டு வரைக்கும் முங்கி வந்திருந்தது.

அப்படி முங்கி வந்த வண்டியைத் திரும்ப ஓட்டவே கூடாது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். ஆயில் அளக்கிற குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் ஊற்றின டீ மாதிரி வெளுத்திருந்தால் இஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம்... எந்த நிமிஷமும் நின்றுபோகும். இதை மற்றவர்களுக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தவரே இம்மானுவேல்தான்.

அன்றைக்கு அன்பு வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "மாமா, சீக்கிரம்... அங்க கொயந்திங்க கூர மேல ஒக்காந்துக்கினு கீதுங்க."

இம்மானுவேலுக்கு ஒரு பழக்கம். ஸ்க்ரூ டிரைவர் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டரெல்லாம் பிச்சை வாங்க வேண்டும், அவ்வளவு பெருமை அவருக்கு அதில். அப்படித்தான் கேட்டார். சத்தம் சுத்தமாக இருந்தது. குச்சியை உருவவில்லை.

"நல்லாத்தான் கீது. போ."

பாலத்தின் நடுவில் வண்டி இருமியது. ஒரு தடவை... இன்னொரு தடவை... நின்றது. அன்பு திரும்பிக் கரையைப் பார்த்தான். அவ்வளவுதான். அவனையும் வண்டியையும் சேர்த்து ஆறு உருட்டிக்கொண்டு போனது. கூரை மேலிருந்த பிள்ளைகளைச் சாயங்காலம் தீயணைப்புப் படகு வந்து இறக்கியது.

உடம்பு கிடைக்கவில்லை. கிரேஸ் அழவும் இல்லை. உடம்பைப் பார்க்காமல் எதுக்கு அழணும் என்று அழுதவர்களிடம் சண்டைக்குப் போனாள். புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வண்டிய பாத்துட்டுதான உட்டீங்க?"

"எல்லாத்தயும் பாத்துட்டுதான் உட்டேன்."

அந்த ஒரு பொய்... அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் கிரேஸ் அவரோடு இருக்க மாட்டாள். சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. பாவம் அந்த மனுஷன்.

ஒன்பதாம் நாள் வண்டி மட்டும் நாணல் புதரில் கிடைத்தது. பொங்கலுக்குள் ஓட வேண்டும் என்றார் ரிசார்ட் முதலாளி. கல்லில் செய்த நெஞ்சு அந்த ஆளுக்கு. இம்மானுவேல் ஷெட்டில் தனியாக உட்கார்ந்து ஆயிலை இறக்கினார். வெள்ளை. அது எதிர்பார்த்ததுதான். புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் சுற்றவிட்டு, திரும்ப இறக்க வேண்டும். மூன்று தடவையில் தெளிந்துவிடும்.

நாலாவது தடவை... வெள்ளை. ஆறாவது தடவை... வெள்ளை. அடியில் மணல் வேறு. மூன்று நாள் வெயிலில் காய்ந்த இஞ்சின், உள்ளேயிருந்து வந்த தண்ணீர் கை விறைக்கிற மாதிரி சில்லென்று இருந்தது. குப்பென்று பாசி நாற்றம்.

பன்னிரண்டாம் நாள். பகல் பன்னிரண்டரை. பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். ஸ்பார்க் பிளக்கும் வெளியே கிடந்தது. யாரும் தொடவில்லை... இஞ்சின் சுற்றியது.

டுக்... டுக்... டுக்...

ஒவ்வொரு சுற்றுக்கும் பிளக் ஓட்டையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் வெளியே வந்து விழுந்தது. தண்ணீரில் முங்கினவன் துப்புகிற மாதிரி.

இம்மானுவேல் மண்டி போட்டுவிட்டார். "அன்பு... நான் குச்சிய உருவிப் பாக்கல்டா. அக்காகிட்ட பொய் சொல்ட்டேன்டா..."

நின்றது. ஆயிலை இறக்கினார். தேன் மாதிரி தெளிவாக வந்தது.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வீட்டுக்கு ஓடினார். கிரேஸ் என்ன செய்தாலும் சரி, அடித்தாலும் சரி, துரத்தினாலும் சரி. வாசலில் கிரேஸ் நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"இன்னாங்க, அன்பு வந்துட்டான்! நான் அவனையே கேட்டுட்டேன். மாமா எல்லாத்தயும் பாத்துட்டுதான் உட்டாரு, என் நேரந்தான் செரியில்லன்னு சொல்றான். உங்கள போயி சந்தேகப்பட்டனே... உள்ள குளிக்கறான், இந்தத் துண்ட குடுங்க."

துண்டை வாங்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம். வாளியில் விழுகிற சத்தம் இல்லை... ஆறு ஓடுகிற சத்தம். இடுக்கில் ஒரு கை நீண்டது. தோல் வெளுத்து, சுருங்கி... நகமில்லாத விரல்கள். துண்டை மெதுவாக வாங்கிக்கொண்டது.

"அக்காவுக்குத் தெரிய வேணாம், மாமா."

கதவு சாத்திக்கொண்டது. சத்தம் நின்றது. தள்ளித் திறந்தார். உள்ளே யாரும் இல்லை.

மறுநாள் காலை பொன்னேரிப் பக்கம் உடம்பு கிடைத்தது. அடக்கத்துக்கு வந்த அத்தனை பேரிடமும், என் வீட்டுக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள் கிரேஸ். அவர் பக்கத்தில் குனிந்த தலையோடு நின்றிருந்தார். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அடையாளம் காட்டப் போன இடத்தில் பார்த்ததை மட்டும் ஒரு நாள் துளசிராமனிடம் சொன்னார். தண்ணீருக்கு அடியில், வேரில் சிக்கிக் கிடந்த உடம்பு அது. தொட்டால் பிய்ந்து வரும், அப்படி ஊறியிருந்தது. இடுப்பில் அவர் வீட்டுத் துண்டு. போலீஸ்காரர் அதை அவிழ்க்கப் போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாராம்.

துண்டு காய்ந்திருந்தது.