ஓடும் எழுத்தே, கொஞ்சம் நில்!

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும், வீடியோக்காரர்களின் மூத்த அண்ணன் குமாரதாஸ் அவர்களே! ஜெபம் செய்து இந்தக் கடையின் கதவைத் திறந்து வைத்த போதகர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல நினைத்த பாதியைச் சொல்லிவிட்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைத்தும் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே! எல்லோருக்கும் மேலாக, படுத்துக் கிடக்கும் எழுத்தை எழுப்பி ஆட வைக்கும் எங்கள் அன்பு மகள் ரெனிஷா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் கைகூப்பிய வணக்கம்.

என் பெயர் நேசையன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்தவன். இந்தப் பேச்சை நானே எழுதினேன். தயவுசெய்து நடுவில் கை தட்டாதீர்கள். தட்டினால் வரி தவறிவிடும்.

பாருங்கள், தட்டுகிறீர்கள்!

அன்பானவர்களே! எழுத்து ஆடுமா? எழுத்து ஓடுமா? எழுத்து எட்டிப் பார்க்குமா? எழுத்து எகிறிக் குதிக்குமா? தாளில் எழுதிய எழுத்து செய்யாது. பலகையில் எழுதிய எழுத்து செய்யாது. ஆனால் ரெனிஷாவின் கம்ப்யூட்டரில் ஏறிய எழுத்து செய்யும்! சுழலச் சொன்னால் சுழலும், சுருளச் சொன்னால் சுருளும், மின்னச் சொன்னால் மின்னும், மறையச் சொன்னால் மறையும். இந்த இடத்தில் கிளம்பு, இந்த இடத்தில் நில் என்று எழுத்தின் நேரக்கோட்டில் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி வைக்கிறார்கள். அந்தப் புள்ளிக்குக் கீஃபிரேம் என்று பெயராம். ஒரு புள்ளிக்கும் மறு புள்ளிக்கும் இடையில் எழுத்து தானாக நடக்கும். புள்ளிகளை நெருக்கி வைத்தால் ஓடும், தள்ளி வைத்தால் உலாவும்.

இந்தக் கலையைக் கற்றுக்கொடுக்கத்தான் இன்று நம் இரணியலில் ரெனிஷாவின் இந்தக் கடை திறந்திருக்கிறது. கற்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் ஒரு கதை சொல்ல வேண்டும். கதை என்றால் கட்டுக்கதை இல்லை. என் வீட்டில் நடந்தது.

என் மனைவியின் பெயர் செல்லபாய். அதோ, இரண்டாவது வரிசையில், இங்கே பார்க்காதது போல இருக்கிறாள். பல வருடங்களுக்கு முன்னால் நம் சபையின் மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு மாலை வகுப்பு தொடங்கியபோது முதலில் போய்ச் சேர்ந்தவள் அவள்தான். நான் சேரவில்லை. டார்ச் விளக்கோடு அவளைக் கூட்டிவரப் போவேன். வாசலில் காத்து நிற்பேன். கொசுக்கடி தாங்காமல் உள்ளே போனேன், எழுத்தோடு வெளியே வந்தேன்!

அந்த வேளையில்தான், இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, எங்கள் பேத்தி லிஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் பாட்டி பூங்கனி. தங்க ஃபிரேம் கண்ணாடி, கையில் எப்போதும் வேதபுத்தகம், கம்பீரமான பெண்மணி. நிச்சயத்துப் பந்தியில் செல்லபாய் தன் வகுப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்போக, அந்த அம்மாள் மதினி முறை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“இந்த வயசுல படிச்சு என்னத்துக்கு மயினி? கலெக்டராவா போறிய?”

பந்தியே சிரித்தது. என் மனைவி சும்மா இருக்கிற ஆளா?

“கலெக்டராவல்ல மயினி. மறுவீட்டுக்கு வாருங்க. கல்யாண வீடியோவுல எம்பேரு வரும். உங்க முன்னால எழும்பி நின்னு நானே வாசிப்பேன். அப்பப் பாருங்க.”

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மறுவீட்டு விருந்து முடிந்ததும் இரு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து கல்யாண வீடியோ பார்ப்பார்கள். தொடக்கத்தில் மணமக்கள் பெயர் வரும். அதன் பிறகு ‘பெரியோர் ஆசியுடன்’ என்று இரு வீட்டு மூத்தவர்களின் பெயர்கள் வரும். அந்தப் பெயர்வரிசையை நம்பித்தான் செல்லபாய் சவால் விட்டாள். வாசித்தால் மரியாதை. வாசிக்காமல் போனால்? சம்பந்தி வீட்டு முன்னால் ஆயுள் முழுக்கத் தலை குனிய வேண்டும்.

அப்போது ரெனிஷா மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் டைட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். மாதிரியைப் பார்த்து ‘சரி’ சொல்ல எங்களைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் அபினேஷ் துபாயிலிருந்து வந்தவர், முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். டைட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது அவர்தான். தங்கமான பிள்ளை. ஆனால் எல்லாம் வேகமாக நடக்க வேண்டும் அவருக்கு.

படம் ஓடியது. ஐயோ, என்ன அழகு! மணமக்களின் பெயர் ஆரல்வாய்மொழியில் கரண்ட் எடுக்கும் காற்றாடிபோலச் சுற்றிச் சுற்றி வந்தது. மேகம் பிளந்தது, மின்னல் வெட்டியது. பெரியோர் பெயர்கள் தீப்பிடித்துக்கொண்டு வந்தன! வந்த வேகத்தில் கண்ணாடிபோல உடைந்து சிதறின!

என் மனைவி பதறிவிட்டாள்.

“ஏ மக்கா, உசுரோட இருக்கச்சிலேயே எம்பேருக்குத் தீ வச்சிட்டியளா?”

அபினேஷ் விழுந்து விழுந்து சிரித்தார். “பாட்டி, இது ஃபயர் எஃபெக்ட். இதுக்குத் தனியாட்டு கேட்டு வாங்கினேனாக்கும்!”

“இன்னொருக்கா போடு மக்கா.”

போட்டார்கள். அவள் உதடு முதல் எழுத்தைச் சொல்வதற்குள் பெயர் உடைந்து போயிற்று. மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் உடைந்தது. அவள் முகம் வாடியது. அபினேஷ் அன்பாகத்தான் சொன்னார்:

“கண்ணாடி மாத்தினா தெரியும் பாட்டி.”

“கண்ணு தெரியும் மக்கா. எழுத்தும் தெரியும். அந்த எழுத்துக்குத்தான் என்னத் தெரியல்ல. வந்த காலு தரைல ஊனல்ல, அதுக்குள்ள போவு!”

சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னாலே போனேன். “வா பிள்ளே, நான் பக்கத்துல இருந்து காதுல சொல்லித் தாறேன்” என்றேன். எப்படிப் பார்த்தாள் தெரியுமா?

“நீரு சும்ம இரியும். நீரு சொல்லி நான் சொல்லுகதுக்கா இத்தன நாளு அந்த பெஞ்சில இருந்தேன்?”

தாய்மார்களே, அந்தப் பார்வையை நீங்கள் அறிவீர்கள். ஆண்மக்களே, நீங்களும் அறிவீர்கள்!

அப்போதுதான் ரெனிஷா எழுந்து வந்தார். படியில் இறங்கி என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். “பாட்டி, உள்ள வாருங்க. நான் பேரப் போடுகேன். நீங்க விரல் வச்சு வாசியுங்க. உங்க விரல் எங்க நிக்குதோ, அங்க என் எழுத்தும் நிக்கும்” என்றார்.

என்ன சொல் அது! உள்ளே போனோம். செல்லபாய் திரையில் விரலை வைத்தாள். விரல் தயங்கிய இடத்தில் ரெனிஷா ஒரு புள்ளி குத்தினார். விரல் நகர்ந்த இடத்தில் எழுத்தை நகர்த்தினார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, இருட்டுக்குள்ளிருந்து மெல்ல மேலே வந்து, தன் இடத்தில் அமர்ந்து, லேசாகப் பொன் பூசிக்கொண்டது.

அதிலும் ஒரு வேடிக்கை. ‘செ’ என்ற எழுத்தின் கொம்பு மட்டும் முதலில் தனியாக வந்து நின்றது. எழுத்து பின்னாலே ஆடி அசைந்து வந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எழுத்தில் கொம்பு வேறு, எழுத்து வேறாம். “மாப்பிள்ள வந்து நிக்கான், பெண்ணக் காணல்ல!” என்றாள் செல்லபாய். ரெனிஷா இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒன்றாக நடக்க வைத்தார்.

அபினேஷ் வாட்சைப் பார்த்தார். “அக்கா, இந்த ஸ்பீடுல போனா, பேரு முடியதுக்குள்ள லிஜாவுக்குப் பிள்ள பெறந்து ஞானஸ்நானமும் ஆயிருமே!”

“ஆவட்டும். அந்த வீடியோவும் எனக்குத் தந்திருங்க” என்றார் ரெனிஷா, கையை எடுக்காமலே. பிறகு திரும்பிச் சொன்னார்: “அண்ணா, உங்க தீயும் மின்னலும் மணமக்கள் பேருக்கு அப்படியே இருக்கு. அத எல்லாரும் பாப்பாங்க. பெரியவங்க பேர, பெரியவங்க பாக்கட்டும்.”

அபினேஷ் தலையைச் சொறிந்தார். ஒத்துக்கொண்டார்.

மறுவீட்டு நாளும் வந்தது. விருந்து முடிந்தது. பந்தலில் டி.வி.யை வைத்து ஓடவிட்டார்கள். காற்றாடிபோல மணமக்கள் பெயர் சுற்றியபோது பையன்கள் விசில் அடித்தார்கள். பிறகு பந்தலே எங்கள் பக்கம் திரும்பியது. எல்லோருக்கும் சவால் தெரியும். செல்லபாய் சேலையைச் சரிசெய்து எழுந்து நின்றாள்.

மரியாதைக்காகச் சம்பந்தி வீட்டுப் பெயரை முதலில் போட்டிருந்தார் ரெனிஷா. பூ... வந்தது. ங்... வந்தது. க... வந்தது. னி... வந்து அமர்ந்தது. செல்லபாய் கணீரென்று வாசித்தாள்: “பூங்கனி!”

அந்த நேரத்தில், பக்கத்தில் இருந்த பூங்கனி அம்மாள் என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். குரலைத் தாழ்த்தி, எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கும்படி கேட்டார்:

“மயினி, அது... எம்பேரா? இப்பிடியா இருக்கும் எம்பேரு?”

அன்பானவர்களே! கையிலே வேதபுத்தகம், கண்ணிலே கண்ணாடி. ஆனால் தன் பெயரை அதுவரை அந்த அம்மாள் பார்த்ததில்லை! நிச்சயத்தில் கேட்ட கேலிக்குள் என்ன ஏக்கம் ஒளிந்திருந்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. இதைச் சொல்ல எனக்கு அனுமதி தந்ததே அவர்தான். “மேடையில சொல்லும் அண்ணாச்சி, நாலு பேரு கேக்கட்டும்” என்று அனுப்பினார்.

செல்லபாய் என்ன செய்தாள்? ஜெயித்துவிட்டேன் என்று சிரித்தாளா? பந்திக்குக் கேட்கும்படி திருப்பிக் கொடுத்தாளா? இல்லை! திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பூங்கனி அம்மாளின் உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் எழுதினாள். “இது பூ. இது ங். இது க. இது னி. உங்க பேரு தான் மயினி. நல்ல லட்சணமா இருக்கு, பாருங்க.”

“இன்னொருக்கா எழுதுங்க மயினி.”

இன்னொரு முறை எழுதினாள். அவள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுக்குப் பின்னால், திரையில், பொன் பூசிய ஐந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து, அமர்ந்து, காத்து நின்று, மறைந்தன. செல்லபாய் பார்க்கவில்லை.

பந்தல் பார்த்தது. நான் பார்த்தேன். உள்ளங்கையில் ஓடும் அந்த விரலை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. அவள் திரும்பியபோது படத்தில் சர்ச் வாசல் ஓடிக்கொண்டிருந்தது. “எம்பேரு?” என்று கேட்டாள். “போயிட்டுதா?”

அப்போது பந்தலின் மூலையிலிருந்து ஒருவர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். யார்? வேகம் வேகம் என்ற அபினேஷ்! ரிமோட்டைப் பிடுங்கினார், படத்தைப் பின்னால் ஓட்டினார், பெயர் முழுதாக அமர்ந்த இடத்தில் நிறுத்தினார்.

“எங்கயும் போவல்ல பாட்டி. நீங்க வாசிச்சு முடிக்கது வர நான் பட்டன்ல கை வைக்க மாட்டேன். பதறாம வாசியுங்க.”

அவள் எழுந்தாள். பூங்கனி அம்மாளும் கையை விடாமல் கூடவே எழுந்தார். விரல் நீண்டது.

“செ... ல்... ல... பா... ய்.”

ஒரு நொடி நின்றாள். பிறகு, அந்தப் பெயரை இப்போதுதான் யாரோ தனக்கு வைத்ததுபோல, எல்லோரையும் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“அது நானாக்கும்.”

இப்போது தட்டுங்கள்! வரி தவறினாலும் பரவாயில்லை, தட்டுங்கள்!

இங்கே கற்க வந்திருக்கும் பிள்ளைகளே! எழுத்தைப் பறக்க விடுங்கள், பாய விடுங்கள். தீ வையுங்கள், திராட்சைக் கொடியில் தொங்கவிடுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். நான் கண்கொட்டாமல் பார்ப்பேன், எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். ஆனால் ஆடி முடித்த எழுத்து ஓர் இடத்தில் நிற்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டருக்கு அது வெறும் நொடி. திரைக்கு முன்னால் இருக்கும் ஒரு மனுஷிக்கோ, தன்னைத் தானே முதல்முதலாகச் சந்திக்கும் நேரம். அந்த நேரத்தைச் சுருக்காதீர்கள். அந்தக் கணக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்!

மகளே ரெனிஷா! உன் கடை ஓங்கட்டும், உன் கை நீடூழி வாழட்டும், கரண்ட் போகாமல் உன் கம்ப்யூட்டர் ஓடட்டும். பேச வாய்ப்பளித்த தலைவருக்கும், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பிக்கும், வெயிலில் வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. வெளியே எல்லோருக்கும் சாயா வைத்திருக்கிறார்கள். குடிக்காமல் யாரும் போகக் கூடாது. வணக்கம்!