மீசைக்காரருக்குத் தட்டம்மை ஊசி

திண்டுக்கல்லில் ஒரு குழந்தைகள் கிளினிக். அக்கா மகனுக்குத் தடுப்பூசி போட வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவருக்கும் முன்னால், தனியாக, முறுக்கு மீசையோடு ஒருவர்.

“பிள்ளை எங்கண்ணே?” என்றார் அந்தப் பெண்.

“நாந்தேன் பிள்ளை. ஊசி எனக்குத்தேன்.”

காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இம்புட்டு மீசைக்கா?”

“ரத்தப் புத்துநோய் தாயி. மருந்து குடுத்து என் எலும்பு மஜ்ஜையை அழிச்சுட்டு, தங்கச்சியோடத ஏத்துனாக. சின்னதுல போட்ட ஊசியெல்லாம் உடம்பு மறந்துருச்சு. இப்ப ஒண்ணொண்ணா மறுபடி படிச்சுக் குடுக்குறோம்.”

“அய்யோ! வேலைக்கு?”

“சம்பங்கித் தோட்டம் நம்மளுது. மண்ணுலயும் பூவுலயும் கிருமி இருக்கும்னு ரெண்டு வருசமா அங்கிட்டே போகவிடல.”

“இன்னைக்கு என்ன ஊசி?”

“தட்டம்மைக்கு. உசுருள்ள கிருமி, ஆனா நோஞ்சான். முன்னாடியே போட்டிருந்தா அதுவே என்னைய முடிச்சிருக்கும். இப்ப உடம்பு சமாளிக்கும், தோட்டத்துக்கும் போலாம்னு மதுரை டாக்டர் எழுதிட்டாரு!”

உள்ளே கூப்பிட்டார்கள். செத்த நேரத்தில் கையில் பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்தார். போனை எடுத்து, கிளினிக்கே திரும்பிப் பார்க்கக் கத்தினார்:

“ஏ புள்ள! நாளைக்குப் பூப்பறிக்க ஆள் சொல்லாத. நான் வாரேன்!”